தலைப்புக்குக் கால் எங்க?

போன இதழ் வெளியான அன்னிக்கு ராத்திரி அதோட லிங்க்கை அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். வார லீவுக்கு நெய்வேலி வந்திருந்தேன். இதழ்ல நான் எழுதின கட்டுரை ஒண்ணு இருந்தது. அதைவிட முக்கியமா, அந்த இதழோட மொத்தப் பக்கத்தையும் வடிவமைச்சதே நான்தான். அப்பா செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்து, சாப்பிட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கேள்வி கேட்டார்: "பாப்பா, தலைப்புக்குக் கால் எங்க?"

எட்டிப் பார்த்தேன். 'கூடும் குருவியும்'னு தலைப்பு. அதுல கு, ரு, யு எல்லாத்துக்கும் கீழ இருக்க வேண்டிய வளைவு கத்தியால வெட்டின மாதிரி அறுந்திருந்தது. 'வி'க்கு மேல இருக்கற கொக்கியும் பாதிதான். அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படிச்சதைக் கேட்டா ஏதோ வேற பாஷை மாதிரி இருந்தது. தலைப்பு மட்டும் இல்லை. உள்ள கட்டுரைச் சுருக்கம் இருக்கற பெட்டியில நாலாவது வரி பாதி உயரத்துல நின்னுபோச்சு. அடுத்த பக்கத்துக்குப் போற பட்டன்ல 'தொடர்ந்து படி'ன்னு இருக்கணும், 'தொடர்ந்து ப' வரைக்கும்தான் இருந்தது. என் லேப்டாப்ல எல்லாம் அழகா இருந்த பக்கம் அது.

அப்பா போன்ல எழுத்து அளவை முழுசா ஏத்தி வெச்சிருக்கார். அதுல என்ன தப்பு? அவருக்கு 59 வயசு.

இந்தக் கட்டுரை அந்த அறுந்த காலைப் பத்தினதுதான். நீங்க சிஎஸ்இயா, மெக்கானிக்கலா, சிவிலா தெரியாது. ஆனா இந்தக் கல்லூரியில படிக்கற யாரும் நாலு வருஷத்துக்குள்ள ஒரு சிம்போசியத்துக்கோ, கிளப்புக்கோ, மினி ப்ராஜெக்ட்டுக்கோ ஒரு பக்கமாவது போட்டிருப்பீங்க. அப்ப நீங்களும் என் கூட்டாளிதான். (கோட்ல இருக்கற வார்த்தைகளையும் தமிழ் எழுத்துலயே எழுதறேன். அடிக்கும்போது இங்கிலீஷ்லதான் அடிக்கணும், அதைச் சொல்ல வேண்டியதில்லை.)

முதல்ல என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன். டிசைன் பண்ணும்போது தலைப்பு இடத்துல இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு வார்த்தையைப் பெரிய எழுத்துல போட்டு வெச்சிருந்தேன். வரி உயரம், அதாவது லைன்-ஹைட், 1. எழுத்துக்குள்ள ஊதாவுல ஆரம்பிச்சு ஆரஞ்சுல முடியற கிரேடியன்ட். இந்த கிரேடியன்ட் தந்திரம் எப்படி வேலை செய்யுதுன்னா, எழுத்தைக் கண்ணாடி மாதிரி நிறமில்லாம ஆக்கிட்டு, பின்னால இருக்கற பெட்டியோட நிறத்தை எழுத்து வடிவத்துல வெட்டிக் காட்டும். பெட்டி எங்க முடியுதோ அங்க நிறமும் முடிஞ்சிடும். இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு அந்தப் பெட்டிக்கு வெளிய எதுவும் கிடையாது. நம்ம 'கு'வுக்கு இருக்கு. அதனால 'கு' காலை இழந்தது. சுருக்கப் பெட்டிக்கு உயரம் 120 பிக்சல்னு ஆணியடிச்சு, மிச்சத்தை மறைச்சிடுன்னு எழுதியிருந்தேன். அப்பா போன்ல எழுத்து பெருசாச்சு, பெட்டி பெருசாகலை. அவ்வளவுதான் விஷயம்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவ. 1956-ல் என்எல்சி தொடங்கினதுக்கு அப்புறம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுக் கட்டின ஊர். புதுசா யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த பிளாக்?"தான். சிஎஸ்எஸ் முதல் வகுப்புல 'டிஸ்ப்ளே: பிளாக்'னு போர்டுல எழுதினப்போ எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அப்புறம் 'கிரிட்' வந்தப்போ இன்னும் சுலபமா புரிஞ்சது. வரிசை, நிரை, நடுவுல இடைவெளி, எங்க ஊரேதான். பாக்ஸ் மாடலைக் கூட நான் எங்க குவார்ட்டர்ஸை வெச்சுத்தான் மனப்பாடம் பண்ணினேன். வீடு உள்ளடக்கம். வீட்டைச் சுத்தி பலாமரமும் கறிவேப்பிலையும் நிக்கற இடம் பேடிங். காம்பவுண்டு பார்டர். அதுக்கு வெளிய ரோடு வரைக்கும் விட்ட இடம் மார்ஜின்.

ஆனா குவார்ட்டர்ஸ்ல இன்னொரு பாடமும் இருக்கு. ஒரே அளவு வீடு, உள்ள குடியிருக்கற குடும்பம் ஒரே அளவு இல்லை. ரெண்டு பேர் இருக்கற வீடும் உண்டு, பாட்டி, சித்தி, சித்தி பசங்கன்னு எட்டு பேர் இருக்கற வீடும் உண்டு. எட்டு பேர் என்ன பண்ணுவாங்க? பின்னால ஒரு கீத்துக் கொட்டகை போடுவாங்க. மனுஷங்களால முடியும். எழுத்தால முடியாது. பெட்டி பத்தலைன்னா ஒண்ணு வெளிய தொங்கும், இல்லை அறுபடும்.

சரி, ஒரு இதழோட தலைப்பு அறுபட்டா உலகம் இடிஞ்சுடுமா? இடியாது. அதனால ரெண்டாவது கதையைச் சொல்றேன்.

அப்பா சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போறார். ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸை ஒப்படைக்கணும், டவுன்ஷிப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கவலை இது. அதனால இப்ப வீட்டுல விண்ணப்பம் போடற காலம். அதுல ஒண்ணு ஆன்லைன்லதான் போடணும். எந்த அலுவலகம்னு சொல்லப் போறதில்லை. பக்கத்துல மேல 'தமிழ்'னு ஒரு பொத்தான் இருந்தது, அப்பா சந்தோஷமா அதைத் தொட்டார். கேள்வி எல்லாம் தமிழுக்கு மாறிச்சு. ஆனா ஒரு கேள்வியோட ரெண்டாவது வரி அடுத்த கேள்வி மேல ஏறி உட்கார்ந்தது. விரலால பெருசாக்கிப் பார்க்கலாம்னா அதுக்கும் பூட்டு. (பக்கத்தோட தலையில 'யூசர்-ஸ்கேலபிள்: நோ'ன்னு ஒரு வார்த்தை எழுதினா ஆண்ட்ராய்டுல அந்தப் பூட்டு விழுந்துடும். நம்ம நிறைய டெம்ப்ளேட்ல அது வரும், கவனிச்சிருக்கீங்களா?) கடைசியில உறுதிமொழி ஒண்ணு. அதைப் படிச்சு டிக் பண்ணணும். பக்கத்தோட அடியில ஒட்டிக்கிட்டே வர்ற ஒரு பட்டை அந்த உறுதிமொழி மேலயே நின்னது.

நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன், பரீட்சை. அப்பா பிரௌசிங் சென்டருக்குப் போனார். அங்க இருந்த பையன் முதல் வேலையா பக்கத்தை இங்கிலீஷுக்கு மாத்தினான். அதுல எல்லாம் ஒழுங்கா இருந்தது. மடமடன்னு நிரப்பினான், உறுதிமொழியை அப்பாவுக்குப் பதிலா அவனே டிக் பண்ணினான், 60 ரூபா வாங்கினான். பேர்ல ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்த அப்பா இன்னொரு நாள் லீவு போட்டார்.

யோசிச்சுப் பாருங்க. தினமும் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறவர். தமிழ்ப் பக்கமும் இருந்தது. மொழிபெயர்க்க யாரோ உழைச்சிருக்காங்க, அந்த மொழிபெயர்ப்பு மோசமும் இல்லை. எல்லாம் இருந்தும், தான் படிக்காத ஒரு உறுதிமொழிக்கு அவர் பேர்ல இன்னொருத்தர் டிக் போட வேண்டியதாச்சு. காரணம் நாலு வரி ஸ்டைல் ஷீட். அதை எழுதினது யாரோ என்னை மாதிரி ஒருத்தர்தான். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு காலேஜ்ல டெம்ப்ளேட் டவுன்லோடு பண்ணிக் கத்துக்கிட்டவர். பார்க்காமலே அவரை எனக்கு நல்லாத் தெரியும்.

என் கருத்து இதுதான்: பக்கத்தோட லேஅவுட்டைக் கட்டுப்படுத்தறதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்ததையே நாம தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கோம். பிக்சல் பிக்சலா நம்ம இஷ்டப்படி நிக்க வைக்கறதுதான் கட்டுப்பாடுன்னு நினைக்கறோம். ஸ்டைல் ஷீட்டை யோசிச்சவங்க அப்படி நினைக்கலை.

1994 அக்டோபர் 10-ம் தேதி, செர்ன் ஆராய்ச்சி மையத்துல இருந்த ஹோக்கன் வியம் லீ இந்த யோசனையை முதல்ல எழுதி வெளியிட்டார். அந்தப் பழைய வரைவைத் தேடிப் படிச்சுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும். இப்ப நாம எழுதற மாதிரி இல்லை. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல ஒரு சதவீதம் வரும். முதல் நிலைத் தலைப்பு 24 பாயின்ட், 100%. இரண்டாம் நிலைத் தலைப்பு 20 பாயின்ட், 40%. அந்தச் சதவீதம் என்னன்னா, இந்த விஷயத்துல எனக்கு எவ்வளவு பிடிவாதம்ங்கற அளவு. 40% கேட்டா மிச்சம் 60% அடுத்தவங்களுக்கு. எழுதறவருக்கு ஒரு விருப்பம், படிக்கறவருக்கு ஒரு விருப்பம், ரெண்டையும் கலந்து பிரௌசர் முடிவு பண்ணணும். 'கேஸ்கேடிங்'ங்கற பேரே அதனாலதான், ஒண்ணு மேல ஒண்ணா அருவி மாதிரி இறங்கி வர்ற விதிகள். சதவீதம் அப்புறம் கைவிடப்பட்டது. லீயும் பெர்ட் போஸும் சேர்ந்து உருவாக்கின முதல் பதிப்பு 1996 டிசம்பர் 17-ல் பரிந்துரையா வந்தப்போ அது இல்லை.

ஆனா உள்ள இருந்த கேள்வி போகலை. நாம எதுக்கெடுத்தாலும் போடற 'இம்பார்ட்டன்ட்' இருக்கே, ஆச்சரியக்குறியோட, அதோட வரலாறு தெரியுமா? முதல் பதிப்புல எழுதறவர் போட்ட இம்பார்ட்டன்டும் படிக்கறவர் போட்ட இம்பார்ட்டன்டும் மோதினா எழுதறவர்தான் ஜெயிப்பார். 1998 மே மாசம் வந்த ரெண்டாவது பதிப்புல அதைத் தலைகீழா மாத்திட்டாங்க. படிக்கறவர் ஜெயிப்பார். கண் சரியில்லாதவர், நிறம் பிரிச்சுப் பார்க்க முடியாதவர், பெரிய எழுத்து வேணும்ங்கறவர், இவங்களுக்காகத்தான் அந்த மாற்றம். அந்த விதி இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. இன்டர்னல் பரீட்சையில 'இம்பார்ட்டன்ட்னா என்ன'ன்னு ரெண்டு மார்க் கேள்வி வந்தது. இதை எழுதினவங்க யாரும் இல்லை, நான் உட்பட.

2000-ல் ஜான் ஆல்சாப்னு ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதினார். அச்சுப் பக்கத்துல கட்டுப்பாடு சாத்தியம், ஏன்னா பேப்பர் அளவு மாறாது. வெப்ல அது மாறும், அந்த மாற்றத்தை ஒரு குறையா நினைக்காதீங்கன்னு. ரெஸ்பான்சிவ் டிசைன்ங்கற வார்த்தையை ஈதன் மார்காட் 2010-ல் கொண்டு வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இது. நாம ரெஸ்பான்சிவ்னு சொல்லும்போது ஸ்கிரீன் அகலத்தை மட்டும்தான் நினைக்கறோம். 768-க்குக் கீழ ஒரு மீடியா குவரி, 480-க்குக் கீழ ஒண்ணு, முடிஞ்சது. எழுத்தோட அளவு மாறலாம், மொழியே மாறலாம்ங்கறது நம்ம கணக்குலயே இல்லை.

மொழி மாறினா என்ன ஆகும்? இங்கதான் நான் ரெண்டு மாசமா மாட்டிக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்லணும்.

உயரம் பத்தி முன்னாடியே பார்த்தோம். தமிழுக்கு மேலயும் வேணும் கீழயும் வேணும். இங்கிலீஷுக்கு 1.4 போதும்னா தமிழுக்கு 1.7, 1.8 வேணும், அப்பதான் மேல் வரியோட காலும் கீழ் வரியோட கொக்கியும் இடிச்சுக்காது. அதுக்காக பக்கம் முழுக்க 1.8 போடணும்னு இல்லை. 'லாங்: டிஏ'ன்னு மொழியைச் சொல்லி அதுக்கு மட்டும் விதி எழுதலாம். ஆனா அது வேலை செய்யணும்னா பக்கம் எந்த மொழின்னு எச்டிஎம்எல்ல சொல்லியிருக்கணும். நம்ம இதழ் போன மாசம் வரைக்கும் தன்னை இங்கிலீஷ்னு சொல்லிக்கிட்டு இருந்தது. டெம்ப்ளேட்ல 'லாங்' இடத்துல 'இஎன்'னு இருந்ததை யாரும் மாத்தலை. முதல் இதழ்ல இருந்து! திரையைப் படிச்சுக் காட்டற மென்பொருள் அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் எந்தக் குரல்ல படிக்கணும்னு முடிவு பண்ணும். பார்வையில்லாத ஒரு மாணவர் நம்ம இதழைத் திறந்திருந்தா என்ன கேட்டிருப்பார்னு நினைச்சா வெக்கமா இருக்கு.

அகலம் இன்னும் பெரிய தலைவலி. 'சப்மிட்'டுக்குன்னு வெட்டின பட்டன்ல 'சமர்ப்பிக்கவும்' எப்படி அடங்கும்? தமிழ்ல வேற மொழிக்காரங்க மூணு வார்த்தையில சொல்றதை ஒட்டி ஒட்டி ஒரே வார்த்தையா சொல்லிடுவோம். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான' ஒரே வார்த்தை. நடுவுல இடைவெளி இல்லாததால பிரௌசர் அதை முறிக்காது. கிரிட்ல மூணு சம பாகம்னு '1எஃப்ஆர்' மூணு தடவை எழுதினோம்னு வைங்க. சமமா வரும்னு நினைப்போம். வராது. ஒரு பாகத்துல இந்த நீள வார்த்தை வந்தா அது முறியாத வரைக்கும் அந்தப் பாகம் அதைவிட ஒடுங்காது, பக்கத்து ரெண்டையும் நெருக்கித் தள்ளும். போன்ல பக்கம் பக்கவாட்டுல நகர ஆரம்பிக்கும். இது எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமையை சாப்பிட்டது. தீர்வு ரெண்டு வரிதான். குறைந்தபட்சம் பூஜ்யம்னு 'மின்மேக்ஸ்'ல சொல்லணும், 'ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்'னு கொடுத்து வார்த்தையை முறிய விடணும்.

முறிஞ்சா அசிங்கமா இருக்காதான்னு கேப்பீங்க. நம்ம நாளிதழ்களை எடுத்துப் பாருங்க. ஒல்லியான பத்தியில வார்த்தை பாதியில முறிஞ்சு அடுத்த வரியில தொடரும். முறிஞ்ச இடத்துல ஒரு சின்னக் கோடு கூட இருக்காது. அப்பா அதை ஆயுசு முழுக்கப் படிச்சிருக்கார், ஒரு நாளும் தடுக்கினதில்லை. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்குத்தான் அது அசிங்கமாத் தெரிஞ்சது.

இன்னொண்ணு, இந்த எழுத்து ஒவ்வொண்ணா பறந்து வந்து உட்கார்ற அனிமேஷன். சிம்போசியம் பக்கம்னா அது இல்லாம இருக்காது. 'நெய்வேலி'ங்கறது நமக்கு நாலு எழுத்து: நெ, ய், வே, லி. யூனிகோடுல அது எட்டு. ந தனி, ஒற்றைக்கொம்பு தனி, புள்ளி தனி. இங்கிலீஷுக்கு எழுதின ஸ்கிரிப்ட் அந்த எட்டையும் எட்டு பெட்டியாப் பிரிச்சுப் பறக்க விடும். கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அநாதையா வந்து நிக்கும். போன வருஷம் ஒரு விழாப் பக்கத்துல அப்படித்தான் நின்னது, அதைப் பார்த்துக் கை தட்டினோம். யாரும் படிக்கலை போல.

ஃபான்ட் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். நம்ம எல்லாருக்கும் பிடிச்ச பாப்பின்ஸ்ல லத்தீனும் தேவநாகரியும் இருக்கு, தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்துக்கு பாப்பின்ஸ் போட்டா உங்க விண்டோஸ் லேப்டாப்ல நிர்மலா வரும், ஆண்ட்ராய்டுல நோட்டோ வரும், மேக்ல வேற ஒண்ணு. நீங்க தேர்ந்தெடுத்ததா நினைக்கற எழுத்து யார் கண்ணுக்கும் போய்ச் சேரலை. இலவசமாவே கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர்னு தமிழுக்குன்னு வரைஞ்ச எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸ்ல கிடைக்குது. அப்புறம் பெரிய எழுத்தாக்கறது, சாய்க்கறது: தமிழ்ல பெரிய எழுத்தே கிடையாது, அதனால 'அப்பர்கேஸ்' போட்டு எடுப்பாக் காட்ட நினைச்ச துணைத்தலைப்பு எல்லாம் சாதாரண வரியோட கலந்து காணாமப் போயிடும். வரி நீளத்தை 65 'சிஎச்'னு கொடுக்கற பழக்கமும் அப்படித்தான். அந்த அலகு பூஜ்யம்ங்கற எண்ணோட அகலம். நம்ம 'ஞை', 'ணௌ'வுக்கு அது எந்த மூலைக்கு?

இதுக்கெல்லாம் பதில் வரும்னு தெரியும். டீம்ல இதைப் பேசினப்பவே வந்தது.

முதல் பதில், "தமிழ்ல ஸ்கிரீன்ல எழுத்து வர்றதே பெரிய விஷயம்." ஒரு காலத்துல அது உண்மை. 1995-ல் சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி தமிழை இணையத்துக்குக் கொண்டு வந்தப்போ எழுத்து தெரியறதே சாதனை. அதுக்கு அப்புறமும் பல வருஷம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட், அதை டவுன்லோடு பண்ணாட்டி கட்டம் கட்டமாத்தான் தெரியும். 1999-ல் சென்னையில மாநாடு போட்டு டாம், டாப்னு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவு பண்ணினாங்க. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது. எத்தனை பேர் சம்பளமில்லாம உழைச்சு எழுத்தை இங்க கொண்டு வந்து சேர்த்திருக்காங்க! அவங்க கொண்டு வந்த எழுத்தோட காலை நான் வெட்டிட்டு, வந்ததே பெரிசுன்னு சொல்றது நியாயமா?

ரெண்டாவது பதில், "அப்ப படமா போட்டுடலாம்." இது இன்னும் மோசம். எழுத்தைப் படமாக்கினா லேஅவுட் நூறு சதவீதம் நம்ம கையில, சந்தேகமே இல்லை. தேட முடியாது, பெருசாக்கினா கலங்கும், படிச்சுக் காட்டற மென்பொருளுக்கு அது வெறும் படம். தமிழ் அறிவிப்புன்னாலே ஜேபெக், இல்லை ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்ங்கற நிலைமை இப்படித்தான் வந்தது.

மூணாவது, "ஏஐகிட்ட கேளு, பண்ணித் தரும்." கேட்டேன். அழகான பக்கம் வந்தது. 'லாங்' இடத்துல 'இஎன்'. ஃபான்ட், பாப்பின்ஸ். தலைப்பு வரி உயரம் 1.1. நம்மளைப் பார்த்துத்தானே அதுவும் கத்துக்கிட்டது.

நாலாவது பதிலுக்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வரணும். கவிதைப் பக்கத்தைப் பார்த்துக்கற நம்ம எடிட்டர் கேட்டார்: "கவிதையில வரி எங்க முடியணும்னு கவிஞர்தான் முடிவு பண்ணணும், படிக்கறவர் போன் முடிவு பண்ணலாமா?" கூடாதுதான். அங்க எழுதறவர் 100% கேக்கலாம். ஆனா பெரிய எழுத்துல பார்க்கும்போது வரி மடங்கத்தான் செய்யும், திரை அவ்வளவுதான் இருக்கு. அதனால மடங்கின பாதி உள்தள்ளி வர்ற மாதிரி பண்ணினேன். ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டி, இடது பக்கம் ரெண்டு எம் பேடிங், முதல் வரிக்கு அதே அளவு மைனஸ் இன்டென்ட். எது கவிஞர் முடிச்ச வரி, எது போன் மடக்கின வரின்னு பார்த்தாலே தெரியும். லீயோட சதவீதம் மாதிரி ஒரு ஒப்பந்தம்னு வெச்சுக்கலாம்.

இந்த இதழ்ல நான் மாத்தினது: உயரம்னு இருந்த இடம் எல்லாம் குறைந்தபட்ச உயரம் ஆச்சு. எழுத்தளவு பிக்சல்ல இருந்து ரெம்முக்கு மாறிச்சு. லேப்டாப் குரோம் செட்டிங்ஸ்ல ஃபான்ட் அளவை ஏத்திப் பாருங்க, போன இதழ் அசையாது, இது அசையும். ஜூம் பூட்டை எடுத்தாச்சு. அடியில ஒட்டிக்கிட்டு வந்த ஷேர் பட்டையைத் தூக்கிட்டேன், அதை யாரும் தொட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. மீடியா குவரி ஆறு இருந்தது, இப்ப ஒண்ணுதான். மிச்சத்தை கிரிட்டே இடத்தைப் பார்த்து எத்தனை பாகம்னு முடிவு பண்ணிக்குது. டிசைன் பண்ணும்போது டம்மியா இங்கிலீஷ் போடறதில்லை. 'ஒருங்கிணைக்கப்பட்டவற்றுக்குள்ளிருந்தும்'னு எழுதிப் பார்க்கறேன். அது அடங்கினா எதுவும் அடங்கும். ஊதா-ஆரஞ்சு கிரேடியன்ட் போச்சு. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்தான்.

புது இதழோட சோதனைப் பக்கத்தைப் போன வாரம் அப்பாகிட்ட காட்டினேன். தலைப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. நேரா கட்டுரைக்குள்ள போய் மூணாவது பத்தியில இருந்த ஒற்றுப்பிழையைக் கண்டுபிடிச்சுச் சொன்னார்.

இன்னும் சரியாகாதது ரெண்டு இருக்கு. ரொம்பச் சின்ன போன்ல 'மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை' பட்டியல்ல பக்கத்துல இருக்கற தேதியோட மோதுது. கவிதைப் பக்கம் பழைய ஐபோன்ல ஒரு வரி தள்ளி நிக்குது, ஏன்னு தெரியலை. ஸ்டைல் ஷீட் இப்ப 214 வரி, ஒவ்வொரு பகுதிக்கும் மேல ஏன் இப்படின்னு தமிழ்ல குறிப்பு எழுதி வெச்சிருக்கேன். மே மாசத்தோட நான் கிளம்பிடுவேன். ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷத்துல யாராவது எடுத்துக்கறதா இருந்தா இதழ் குழுவுக்கு ஒரு வரி அனுப்புங்க. வரும்போது வீட்டுல வயசானவங்க யார் போனையாவது ஒரு நாள் கடன் வாங்கிட்டு வாங்க, எழுத்து அளவைக் குறைக்காம.